லண்டனுக்கு வந்த பிறகு வரும் மனச்சோர்வு: யாரிடம் போவது, என்ன கேட்பது

வந்த புதிதில் மனம் விழ நேரம் கிடைப்பதில்லை. வீடு, வேலை, வங்கிக் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று ஓட்டம் பிடரியைப் பிடித்துத் தள்ளும். பலருக்கு அந்த ஓட்டம் அடங்கிய பிறகுதான், ஒன்றிரண்டு குளிர்காலம் கழித்து, சோர்வு தெரியவரும். லண்டனில் டிசம்பர் நடுப்பகுதியில் காலை 8 மணியளவில்தான் சூரியன் எழும்; மாலை 4 மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். பெற்றோல் நிலையத்திலோ கிடங்கிலோ இரவு வேலை செய்பவர் வாரக்கணக்கில் வெயிலே காணாமல் இருக்கலாம். அதோடு தனியறை, முடியாத விசா வழக்கு, ஊரில் கட்ட வேண்டிய கடன்.

எங்கள் ஆட்களிடம் இது முதலில் உடம்பில்தான் பேசும். தலையிடி, நெஞ்சடைப்பு, வயிற்றெரிவு, கைகால் உளைவு. ஜிபியை, அதாவது குடும்ப வைத்தியரை, பார்க்கக் கிடைப்பது ஏறத்தாழ 10 நிமிடம். அதில் 9 நிமிடம் தலையிடியிலேயே கழிந்தால் பனடோலோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான். ஆகவே உள்ளே போனதும் முதல் வசனமே இதுவாக இருக்கட்டும்: “இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் விழுந்து கிடக்கிறது, எதிலும் விருப்பமில்லை, நித்திரையும் சாப்பாடும் கெட்டுவிட்டது.” தலையிடியைப் பிறகு சொல்லலாம்.

சந்திப்புக்கு நேரம் பதியும்போதே இரட்டை நேரமும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று கேளுங்கள். மொழிபெயர்ப்புக்குக் காசில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க வைப்பது வேண்டாம். சாக வேண்டும் போலிருக்கிறது என்பதை எந்தத் தாயும் 12 வயது மகளின் வாயால் வைத்தியருக்குச் சொல்ல மாட்டார், அதனால் சிகிச்சையும் பிழையாகிவிடும். தெரிந்த ஆள் மொழிபெயர்ப்பாளராக வந்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் முகம் தெரியாத ஒருவர், வேறு ஊரிலிருந்து பேசுவார். ஜிபியிடம் பதிய விசாவோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. புகலிடம் கோரியவருக்கும் ஜிபி சேவை இலவசம்.

வைத்தியர் இரத்தப் பரிசோதனை எழுதாவிட்டால் நீங்களே கேட்கலாம். தைரொயிட் சுரப்புக் குறைவும், இரத்தசோகையும், மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களிடம் வரக்கூடிய பி12 குறைவும் மனச்சோர்வு போலவே தோன்றும். விற்றமின் டி நாளுக்கு 10 மைக்ரோகிராம் ஒக்டோபர் முதல் மார்ச் வரை எல்லோருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. கருமையான தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். எலும்புக்கு நல்லது. மனச்சோர்வை அது மட்டும் மாற்றிவிடும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து ஒரு படிவம் வரும், பி.எச்.க்யூ-9. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய அளவு. 16ம் அதற்கு மேலும் கடுமையானது என்று இங்குள்ள வழிகாட்டல் கணக்கிடுகிறது. ஒன்பதாவது கேள்வி, செத்தால் நல்லது என்ற எண்ணமோ தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணமோ வந்ததா என்பது. பிள்ளைகளைப் பறித்துவிடுவார்கள், விசாவில் எழுதிவிடுவார்கள் என்று பயந்து அங்கே பூச்சியம் போடுபவர்கள் அதிகம். அந்த எண்ணம் இருந்தால் இருக்கிறது என்றே போடுங்கள். திட்டம் ஏதும் வைத்திருக்கிறீர்களா, யார் கூட இருக்கிறார்கள் என்று மேலும் கேட்பார்கள். எண்ணம் வந்தது என்பதற்காக மட்டும் பிள்ளைகளைக் கொண்டுபோக மாட்டார்கள். அந்த எண்ணம் முற்றும் இரவில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிப் பிரிவு கிடைக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் 999. யாரிடமாவது பேசினால் போதும் என்றால் சமரிட்டன்ஸ், 116 123, எந்த நேரமும் இலவசம்.

இங்கிலாந்தில் பேச்சுச் சிகிச்சைக்கு ஜிபியின் கடிதம் தேவையில்லை. என்.எச்.எஸ். டோக்கிங் தெரபீஸ் என்ற சேவைக்கு நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் ஏற்பாடு வேறு. முதலில் தொலைபேசியில் ஒரு மதிப்பீடு நடக்கும். பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான். அழைப்பு எண் காட்டாமல் வரும். கடன்காரனோ மோசடிக்காரனோ என்று எடுக்காமல் விடுவோம். ஓரிரு முறைக்குப் பிறகு “உங்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை” என்று கடிதம் வந்து பெயர் வெட்டப்படும். விண்ணப்பிக்கும்போதே வேலை நேரத்தை எழுதி, குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு அழைக்கச் சொல்லுங்கள். வெட்டுப்பட்டாலும் மறுபடி விண்ணப்பிக்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மெல்லிய சோர்வுக்கு வழிகாட்டியோடு செய்யும் சுய உதவியோ, 8 அமர்வு அளவிலான சி.பி.டி.யோ (நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) கிடைக்கும்; கடுமையானதற்கு 16 அமர்வு வரை, பெரும்பாலும் மருந்தும் சேர்த்து. அமர்வு என்றால் மனம் விட்டு அழுதுவிட்டு வருவது என்று நினைத்துப் போபவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். வீட்டுப்பாடம் தருவார்கள். ஒரு வாரம் மணிக்கு மணி என்ன செய்தீர்கள், அதில் சந்தோஷம் 10க்கு எவ்வளவு, செய்து முடித்த திருப்தி 10க்கு எவ்வளவு என்று எழுதச் சொல்வார்கள். பிறகு விருப்பம் வரும்வரை காத்திராமல், குறித்த நேரத்தில் குறித்த சின்ன வேலை: காலை 11 மணிக்குப் பூங்காவில் 15 நிமிட நடை, செவ்வாய்க்கிழமை ஒரு கறி சமைப்பது. “கோயிலுக்குப் போ, எல்லாம் சரியாகும்” என்று அம்மா சொல்வதிலும் பாதி சரிதான். குளித்து, உடுத்து, பஸ் ஏறி, நாலு பேரைப் பார்ப்பதை அந்த அட்டவணையில் தாராளமாக எழுதலாம். சண்டையும் சிறையும் சித்திரவதையும் கண்டவர்களுக்குக் கனவும் திடுக்கிடலும் சேர்ந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லவேண்டும்; அதற்குச் சிகிச்சை வேறு. சித்திரவதையிலிருந்து தப்பியவர்களுக்கென்றே ஃபிரீடம் ஃபுறொம் ரோச்சர் என்ற அமைப்பு இருக்கிறது.

குளிசை என்றால் முதலில் தருவது பெரும்பாலும் செற்ராலின் (Sertraline) என்ற மனச்சோர்வு மருந்து 50 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. முதல் ஓரிரு வாரம் குமட்டல், தலையிடி, வயிற்றோட்டம், நித்திரைக் குழப்பம் வரலாம். பதற்றம் கொஞ்சம் கூடுவதும் உண்டு. பலன் இரண்டு வாரத்துக்குப் பிறகு மெல்லத் தெரியத் தொடங்கி, 4 முதல் 6 வாரத்தில்தான் சரியாகப் பிடிக்கும். கெடுதல் முன்னே, நன்மை பின்னே என்பதால் பத்தாம் நாளில் குப்பையில் போட்டுவிட்டு “எனக்கு ஒத்துவரவில்லை” என்பவர்கள் ஏராளம். குமட்டினால் சாப்பாட்டோடு எடுங்கள், நித்திரை கெட்டால் காலையில் எடுங்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம். ஒரு வாரத்திலேயே வைத்தியர் மறுபடி பார்க்க வேண்டும். ஆண்களும் பெண்களும் சொல்ல வெட்கப்படுவது பாலுறவு விருப்பம் குறைவதை. சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றலாம், சொல்லாதவர்கள் ரகசியமாக நிறுத்துகிறார்கள்.

இந்தக் குளிசையோடு ஐபுபுறொஃபன் என்ற நோவு மருந்து சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் ஆபத்து கூடும். நோவுக்குப் பனடோல் நல்லது. ஊரிலிருந்து பார்சலில் வந்த நித்திரைக் குளிசை, கடையில் வாங்கிய செயின்ற் ஜோன்ஸ் வோர்ட் மூலிகை எதுவானாலும் வைத்தியரிடம் பெட்டியோடு காட்டுங்கள். முன்பு எப்போதாவது நித்திரையே இல்லாமல் நாட்கணக்கில் உற்சாகமாகத் திரிந்து காசை இறைத்த காலம் இருந்தால் அதையும் சொல்லவேண்டும், ஏனெனில் இந்தக் குளிசை அதைத் திரும்பக் கிளப்பக்கூடும்.

இங்கிலாந்தில் 2025இல் ஒரு மருந்துக்கு 9 பவுண் 90 பென்ஸ். வருமானம் குறைந்தவர்கள் எச்.சி.1 படிவம் நிரப்பினால் இலவசமாகலாம். சுகமில்லாமல் வேலைக்குப் போகாவிட்டால் ஏழு நாள் வரை நீங்களே எழுதிக் கொடுக்கலாம், அதற்கு மேல் ஜிபியின் ஃபிற் நோட் என்ற மருத்துவச் சான்று வேண்டும். ரக்சியோ டெலிவரியோ ஓட்டுபவர்கள், நோயோ மருந்தோ ஓட்டுவதைப் பாதித்தால் ஓட்டுநர் உரிமம் வழங்கும் டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்க வேண்டும்.

சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடரும். மூன்றாம் மாதம் நன்றாக இருக்கிறதென்று சட்டென விட்டால் தலைசுற்றும், எரிச்சல் வரும், மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போலிருக்கும், சோர்வும் திரும்பலாம். வைத்தியரோடு பேசி வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ படிப்படியாகக் குறைக்க வேண்டும். எங்கள் அபிப்பிராயத்தில் அதை நவம்பரில் தொடங்க வேண்டாம், விசா வழக்கு விசாரணை இருக்கும் மாதத்திலும் வேண்டாம், ஏப்ரல் நல்லது. ஊருக்குப் போகிறவர்கள் தங்கும் நாளுக்குப் போதிய குளிசையோடு இரண்டு வாரத்துக்கு மேலதிகமாகவும் வாங்கி, பெட்டியிலிருந்து பிரிக்காமல், மருந்துச் சீட்டின் பிரதியோடு கைப்பையில் வையுங்கள்.