மிளகாய்: விதைப்பு முதல் ஐப்பசி மழை வரை

ஜூன் 17 (ஆனி 3)
ஏக்கருக்கு 400 கிராம் விதை. கிலோவுக்கு 10 கிராம் என்ற கணக்கில் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா கலந்த பொடி) 4 கிராம்தான் வருகிறது. தராசில் வைத்தால் முள்ளே அசையவில்லை. ஆறின வடிகஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி மேட்டுப்பாத்தியில் விதைத்தாயிற்று. ஒரு பாத்திக்கு மட்டும் வெறும் விதை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாமல் "நல்லா வந்திருக்கு" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஜூன் 29
வெறும் விதைப் பாத்தியில் உள்ளங்கை அகலத்துக்கு நாற்று சாய்ந்து கிடக்கிறது. இலை பச்சையாகத்தான் இருக்கிறது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் வெந்தது போல் நைந்து நூலாகிவிட்டது. நாற்றழுகல், பித்தியம் என்ற பூஞ்சை போன்ற மண் கிருமியின் வேலை. பொடி போட்ட பாத்திகளிலும் தண்ணீர் தேங்கிய ஒரு மூலையில் விழுந்திருக்கிறது. வடிகால் இல்லாத இடத்தில் எந்தப் பொடியும் எடுபடாது. வாய்க்காலை வெட்டிவிட்டேன்.

ஜூலை 10
பொடி என்ன செய்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். அது பூஞ்சையை நேரே கொல்லும் மருந்து மட்டும் இல்லை. வேரைச் சுற்றிக் குடியேறி, வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று, மண்ணில் உள்ள இரும்புச் சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இரும்பு கிடைக்காமல் பூஞ்சை காய்கிறது. சில ரகங்கள் பூஞ்சைக்கு ஆகாத வேதிப்பொருளையும் சுரக்கும். எனக்குப் பிடித்தது இன்னொன்று: வேரில் இது ஒட்டினாலே செடி முழுக்க, இலை வரைக்கும், எதிர்ப்பு உஷாராகிவிடுகிறது. வேளாண் பல்கலைக்கழகம் பரப்பிய பிஎஃப்1 ரகம்தான் நம் பக்கம் அதிகம் புழங்குவது.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு
நடவு. ஏக்கருக்கு ஒரு கிலோ பொடியை 20 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து முன்பே தூவியாயிற்று. நாற்றின் வேரையும் அரை மணி நேரம் கரைசலில் நனைத்து வைத்தோம். நட வந்த அக்கா ஒருத்தர், "என்னடா, நாத்துக்கும் ஆடிப்பெருக்குக் குளியலா?" என்று சிரித்தார்.

செப்டம்பர் 8
கடைக்காரர் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்தைக் கையில் திணிக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி, டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சைக்குத்தான் எமன், சூடோமோனாஸை அவ்வளவாகத் தொடாது. காப்பர் அப்படியில்லை, பாக்டீரியாவுக்கே ஆகாது. காப்பரையும் பொடியையும் ஒரே வாரத்தில் ஊற்றினால் பொடிக்குக் கொடுத்த காசு தண்ணீரோடு போகும்.

அக்டோபர் 27
மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு வெயில். பக்கத்துக் காட்டுச் சித்தப்பா ஓடி வந்தார். "தம்பி, செடி பச்சையாவே தொங்குது. அந்த வெள்ளைப் பொடியக் கொஞ்சம் குடு, ஊத்திப் பாக்கறேன்."

போய்ப் பார்த்தேன். ஒரு செடியைப் பிடுங்கினேன். தண்டின் அடி கருத்திருந்தால் பைட்டோப்தோரா என்ற அழுகல் கிருமி என்று சந்தேகப்படலாம். 1922இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மிளகாயில்தான் அதை முதலில் விவரித்தார்கள். இதில் அடி கருக்கவில்லை. தண்டைக் குறுக்கே வெட்டி, மோட்டார் ரூமில் இருந்த கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் நனையும்படி பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல ஒரு வெள்ளை இழை மெல்ல இறங்கியது. அந்த இழை பாக்டீரியாக் கூட்டம்; நோய், பாக்டீரியா வாடல். சித்தப்பா டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாடினதுக்கு ஊத்திப் பிரயோசனம் இல்ல சித்தப்பா. அதைப் பிடுங்கி எரிங்க. அந்தப் பாத்தித் தண்ணி அடுத்ததுக்குப் போகாம மடைய அடைங்க. பொடிய நிக்கிற செடிக்கு ஊத்துங்க, ஓரளவு தாக்குப்பிடிக்கும்."

என் காட்டிலும் பள்ளத்து ஓரம் சில செடிகள் தொங்குகின்றன. அவற்றையும் பிடுங்கிவிட்டேன்.

நவம்பர் 2
தை மாதம் அதே இடத்தில் தக்காளி வைக்கப்போகிறாராம் சித்தப்பா. தக்காளி, கத்திரி, உருளை எல்லாமே அந்தக் கிருமிக்குச் சொந்த வீடு. ஒரு போகம் மக்காச்சோளம் போடுங்கள் என்றேன்.

"ஒட்டன்சத்திரத்துல தக்காளி போற விலைக்கு, சோளம் போடச் சொல்றியே!"