கேள்வி கேட்காமல் அரை மணி நேரம்

"ஏன் அழுற? சொன்னாத்தானே தெரியும்?" குழந்தையிடம் இதைக் கேட்காத பெரியவர்கள் இருக்க முடியாது. ஐந்து வயதில் அதைக் கோவையாகச் சொல்ல வருமென்றால் அது ஏன் தரையில் உருண்டு அழப்போகிறது? மனதில் என்னவோ இருக்கிறது, ஆனால் அது பொறாமையா, பயமா, அவமானமா என்று பிரித்துச் சொல்ல அந்த வயதில் முடியாது. ஆனால் அதே குழந்தையின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு நாம் சும்மா உட்கார்ந்தால், பல நேரம் விஷயம் தானாக வெளியே வரும். விளையாட்டுச் சிகிச்சை என்கிற ப்ளே தெரபி நிற்பது இதை நம்பித்தான். பெரும்பாலும் 3 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு.

குழந்தைகள் நல ஆலோசகராக இருக்கும் என்னிடம் பெற்றோர் முதலில் கேட்பது, "என்ன பொம்மை வாங்கணும்?" என்றுதான். பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு பொம்மைக் குடும்பம், டாக்டர் செட், சொப்பு சாமான், சாதுவும் முரடுமாகச் சில மிருகங்கள், களிமண், கொஞ்சம் மணல், கிரேயான். பட்டனைத் தட்டினால் தானே பாடி ஆடுகிற பொம்மை மட்டும் வேண்டாம், எல்லாவற்றையும் அதுவே செய்துவிட்டால் குழந்தை செய்ய என்ன மிச்சம் இருக்கிறது? மணலுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1920களின் கடைசியில் லண்டனில் மார்கரெட் லோவென்ஃபெல்ட் என்ற மருத்துவர் மணல் தட்டையும் ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்னச் சாமான்களையும் வைத்துவிட்டு, குழந்தைகள் அதில் கட்டுவதைக் கவனித்தார். அவர்கள் ஒரு முழு உலகத்தையே கட்டினார்கள்.

சாமான் ஈஸி. கஷ்டம் நம் வாய்.

ஆஸ்பத்திரியில் சில நாள் படுத்திருந்து வந்த ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் செட்டை எடுக்கிறது, கரடியைப் படுக்கவைத்து ஊசி போடுகிறது. "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாகக் குத்துகிறது. நமக்கு உடனே நாக்கு அரிக்கும்: "பாவம்டா கரடி, மெதுவா!" அல்லது, "உனக்கும் அப்படி வலிச்சுதா கண்ணு?" இரண்டுமே வேண்டாம். முதலாவது திருத்தல், இரண்டாவது விசாரணை. அதற்குப் பதில் கண்ணில் படுவதைச் சொன்னால் போதும்: "வலிக்காதுன்னு சொல்றாங்க, ஆனா கரடிக்கு வலிக்குது." அவ்வளவுதான். பேச்சு கரடியைப் பற்றியே இருக்கட்டும். கரடிக்குள் ஒளிந்துகொள்ள முடிவதால்தான் குழந்தை இவ்வளவு தூரம் வருகிறது, அதை நாம் இழுத்து வெளியே போட்டால் விளையாட்டு அங்கேயே நின்றுவிடும்.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெதாஸ்கோப் நம் பக்கம் திரும்பும். "நீங்கதான் நோயாளி, படுங்க." இங்கே ஒரு சின்ன உத்தி இருக்கிறது. ரகசியக் குரலில், "இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டுக்கொள்ளலாம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அனுமதி, ஏனென்றால் கதையை அப்போதும் குழந்தைதான் நடத்துகிறது. "அழுங்க. ஆனா யாரும் வரமாட்டாங்க" என்று பதில் வந்தால், படுக்கையில் அதற்கு எது பயமாக இருந்திருக்கும் என்பது ஓரளவு புரியும். ஊசியாக இல்லாமலும் இருக்கலாம்.

இந்த விளையாட்டுச் சிகிச்சைக்கு இலக்கணம் எழுதியவர் என்றால் அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைனைச் சொல்ல வேண்டும். 1947-ல் அவர் வகுத்த எட்டு விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது, குழந்தை முன்னே போகட்டும், பெரியவர் பின்னால் வரட்டும் என்பது. அவசரப்படுத்தாதே என்பதும் அதில் ஒன்று. எட்டாவதாக எல்லைகளையும் வைத்தார், ஆனால் தேவையான அளவுக்கு மட்டும்.

எல்லை என்றதும் ஞாபகம் வருகிறது, "அப்போ என்ன வேணா செய்ய விடணுமா?" என்று கேட்பவர்கள் அநேகம். இல்லை. கட்டையை நம் முகத்தில் எறிய ஓங்கினால் நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் வரிசை முக்கியம்: "என் மேல ரொம்பக் கோபம் உனக்கு. என்னை அடிக்கக் கூடாது. அந்தத் தலையணையை அடிக்கலாம்." முதலில் கோபத்துக்கு இடம், அப்புறம் எல்லை, அப்புறம் வேறு வழி. வரிசையை மாற்றி "அடிக்காதே!" என்று ஆரம்பித்தால் மீதி எதுவும் காதில் விழாது.

இதை வீட்டில் செய்யலாமா? செய்யலாம். 1960களிலேயே அமெரிக்க உளவியலாளர்களான பெர்னார்ட் கெர்னி, லூயிஸ் கெர்னி தம்பதி பெற்றோருக்கே பயிற்சி கொடுத்து இதைச் செய்யவைத்தார்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சொல்லிவிடுங்கள். நேரம் முடிந்தால் முடிந்ததுதான், அழுதாலும்.

இன்னும் ஒன்று, துப்பறியாதீர்கள். அப்பா பொம்மையை மணலில் புதைத்தால் வீட்டில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தமில்லை, புதைப்பது ஜாலியாக இருந்ததால் புதைத்திருக்கலாம். ஒரு காட்சியை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது. ஆனால் அதே காட்சி, சிரிப்பே இல்லாமல், இம்மி மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது குழந்தை ஒரு சாவையோ வன்முறையையோ பார்த்திருந்தால், வீட்டு விளையாட்டை நம்பி இருக்காமல் பயிற்சி பெற்ற தெரபிஸ்டிடம் போங்கள். போனால், திரும்பும் வழியில் "உள்ள என்ன பண்ணே? ஆன்ட்டி என்ன கேட்டாங்க?" என்று ஆரம்பிக்க வேண்டாம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைப் பொதுவாகத் தெரபிஸ்ட் சொல்வார், ஆபத்து ஏதாவது என்றால் கட்டாயம் சொல்வார். எந்தப் பொம்மை யாரை அடித்தது என்ற கணக்கை மட்டும் கேட்காதீர்கள்.