காயும் பாயும்

ஜூன் 3

அப்பாவுக்குக் காதுப் பரிசோதனை முடிந்தது. குமாரபாளையத்தில் 30 வருஷம் விசைத்தறி ஓட்டியவர். எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் கோடு, 1000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நேராக வந்து, கீச்சென்ற 4000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்திருக்கிறது. இரைச்சலில் கெடும் காது முதலில் இழப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தானாம். “சத்தம் கேக்குதுங்க, சொல்லுதான் பிரிஞ்சு கேக்கல” என்றார் ஆடியாலஜிஸ்ட். “வேணும்னே கேக்காத மாதிரி இருக்காரு” என்று இத்தனை நாள் சொல்லிவந்த அம்மா, பஸ்ஸில் அப்பா கையைப் பிடித்தபடியே வந்தாள்.

ஜூன் 6

அடுப்படியிலிருந்து அம்மா, “காய் எங்க வெச்சீங்க?” என்றாள். அப்பா உள்ளே போய்ப் பாயைத் தூக்கி வந்தார். “காய்!” என்று அம்மா கத்தினாள். அப்பா பாயை விரிக்கவே தொடங்கிவிட்டார்.

கத்தினால் பெரிதாவது ‘ஆய்’ மட்டும்தான். முன்னால் வரும் ‘க்’ ஒரு சின்ன வெடிப்பு. அது அந்த ‘ஆய்’க்குள்ளேயே அமுங்கிவிடுகிறது. எதிரில் போய் நின்று நிதானமாகச் சொன்னேன். பாய்க்கு உதடு ஒட்டும், காய்க்கு ஒட்டாது. என் வாயையே பார்த்தவர், “காயா! கூடையிலயே இருக்கு கண்ணு” என்றார்.

ஜூன் 9

‘மணி’, ‘பணி’ இரண்டுக்கும் வாயசைவு ஒன்றுதான். அங்கே உதடு உதவாது. அதையே நாலு தடவை சொல்வதைவிட ‘வேலை’ என்று மாற்றிச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்.

ஜூன் 14

1985-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செவித்திறன் குறைந்தவர்களிடம் வாக்கியங்களைச் சாதாரணமாகவும் தெளிவாகவும் பேசிக் காட்டிச் சோதித்திருக்கிறார்கள். தெளிவாகப் பேசியபோது, நூற்றுக்குச் சராசரியாக 17 சொல் கூடுதலாகப் புரிந்திருக்கிறது. பேசும் விதம் மாறியதற்கே இவ்வளவு! சொல்லுக்குச் சொல் கொஞ்சம் இடம்விட்டு, கடைசி எழுத்தை விழுங்காமல் பேசிப் பழகுகிறேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் என் முகம் இருட்டாகிவிடுகிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டாயிற்று.

ஜூன் 17

காது மெஷின் வந்தது. மிக்ஸி ஓடினால் அதையும் சேர்த்தே பெருக்கித் தருகிறது. அப்பா பேச வந்தால் மிக்ஸியை நிறுத்துகிறோம்.

ஜூன் 22

தம்பி ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தோம். “என்னப்பா?” என்றார் அப்பா. “ஒண்ணுமில்லப்பா, விடுங்க” என்றான். அவர் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். அந்த ‘விடுங்க’வை நானும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நெஞ்சு அடைத்தது.

சாயங்காலம் தம்பி திண்ணையில் அவர் எதிரே உட்கார்ந்து, முழுக்கதையையும் முதலிலிருந்து சொன்னான். அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு, “தறி ஓடறப்ப எங்களுக்கு எங்க காது கேட்டுது? வாயப் பாத்து, கையக் காட்டித்தான் பேசுவோம்” என்றார். இழை அறுந்தால் தூரத்தில் நிற்பவருக்கு எப்படிச் சொல்வார்களென்று இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்துக் காட்டினார். தம்பி அதைத் தப்பாகச் செய்ய, அவன் விரலைப் பிடித்துத் திருத்தினார்.