பர்கூர் மலையில் மாடு அடையும் நேரம்

ஈரோடு மாவட்டத்து அந்தியூரிலிருந்து கர்நாடகத்தின் கொள்ளேகால் போகும் சாலையில் வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டியதும் மலை ஏற ஆரம்பிக்கிறது. தாமரைக்கரை வழியாகப் பர்கூர் போய்ச் சேர 30 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நாட்டு மாடுகள் மேல் பிரியமுள்ளவர்களுக்கு இந்த ஊர்ப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள் தெளித்த மலைமாட்டின் சொந்த மண் இது. படத்தில் சாதுவாகத் தெரியும். நேரில் போனால் 50 அடி தள்ளி நிற்கும்போதே தலையைத் தூக்கிவிடும்.

வளர்க்கிற விதம் அப்படி. காட்டை ஒட்டிப் பட்டி போட்டு, பகலில் மேயவிட்டு, பொழுது சாய அடைப்பார்கள். கன்னடம் பேசும் லிங்காயத்துக் குடும்பங்கள்தான் தலைமுறை தலைமுறையாக இந்த மாடுகளை வைத்திருக்கிறார்கள். கட்டுத்தறி இல்லை, பெரும்பாலானவற்றுக்கு மூக்கணாங்கயிறும் இல்லை. பட்டிக்காரரையும் அவர் வீட்டு ஆட்களையும் தவிர வேறு மனிதர்களை அதிகம் பார்க்காத மாடுகள். சிறுத்தையும் செந்நாயும் திரிகிற காட்டில் மிரளத் தெரியாத மாடு ரொம்ப நாள் உயிரோடு இருக்காது.

நான் போயிருந்த பட்டி ஒரு சரிவில் இருந்தது. மூங்கிலும் முள்ளும் வைத்து அடைத்த வேலி, ஒரே ஒரு கடவு. இரண்டு பக்கமும் துளையிட்ட கம்பங்கள் நட்டு, குறுக்கே மூங்கில் கழிகளைச் செருகி மூடுகிறார்கள். கன்றுகள் மட்டும் உள்ளே தனித் தடுப்பில் இருந்தன. பட்டிக்காரப் பெரியவர் என்னை வேலிக்கு வெளியே ஒரு மரத்தடியில் நிறுத்தினார். “கையை ஆட்டாதீங்க கண்ணு, துண்டை உதறாதீங்க. மாடு உங்களப் பார்த்துட்டே உள்ள போகட்டும்” என்றார். நான் ஒளிந்துகொள்ள வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆள் தெரியாமல் இருந்து திடீரென்று தெரிந்தால்தான் கலையுமாம்.

நாலரை மணி வாக்கில் மேட்டிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. முதலில் வந்தது மணி கட்டிய கிழட்டுப் பசு. அதன் பின்னால் சாரை சாரையாக மற்றவை. பெரியவரின் மகனும் மருமகனும் மந்தையின் இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி நடந்தார்கள். நேர் பின்னால் யாரும் வரவில்லை. மாட்டுக்குச் சுற்றிலும் பார்வை உண்டு, முதுகுக்கு நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கே காலடிச் சத்தம் கேட்டால் திரும்பும், அல்லது ஓடும். அதனால் தோளுக்குக் கொஞ்சம் பின்னால், பக்கவாட்டில் நடக்கிறார்கள். அங்கிருந்து ஒரு அடி நெருங்கினால் மாடு முன்னே நகர்கிறது. தோளைத் தாண்டி முன்னே போனால் நின்றுவிடுகிறது. ஒரு மாடு தலையைத் தூக்கிக் காதை விறைத்தால் அவர்களும் நின்றுவிடுகிறார்கள். காது தளர்ந்த பிறகுதான் அடுத்த அடி. கம்பு கையில் இருந்தது. யார் மீதும் படவில்லை.

கடவுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு இளம் கிடேரி நின்றுவிட்டது. சாயங்கால வெயிலில் கம்பத்தின் நிழல் தரையில் கறுப்பாக விழுந்திருந்தது. அது கழுத்தைத் தாழ்த்தி அந்த நிழலை முகர்ந்தது. மூக்குத் துவாரம் விரிந்து சுருங்க, விலாத் தோல் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த மாடுகள் முட்டி நின்றன. அடுத்த நொடி கிடேரி வேலியோரமாகத் திரும்பி மேட்டைப் பார்த்து ஓடியது.

யாரும் துரத்தவில்லை! துரத்தியிருந்தால் மந்தையே கூடப் போயிருக்கும். மருமகன் உண்ணிச்செடிப் புதருக்குள் பெரிய வட்டமாகச் சுற்றிப் போய், அது போகிற வழிக்கு முன்னால் சும்மா நின்றார். பெரியவர் கடவருகே நின்று அடித்தொண்டையில் “ஹோ… ஹோ…” என்று இழுத்துக் குரல் கொடுத்தார். தினமும் அந்தக் குரலுக்குத்தான் உப்பு கிடைக்கும். உள்ளே கன்றுகள் கத்த, தாய்ப்பசுக்கள் நிழலையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, நெருக்கியடித்து நுழைந்தன. தனியாக நிற்கப் பயந்த கிடேரி கடைசியில் தானாகவே வந்து சேர்ந்தது. கடவுக் கழிகள் ஒவ்வொன்றாகத் துளைகளில் விழுந்தன.

பார்த்ததிலேயே எனக்குப் பிடித்தது அவர்களுடைய அவசரமின்மை. வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, யானை வரும் காடு, இருந்தும் மாட்டின் நடைக்குத்தான் நடக்கிறார்கள்.

இந்த மாடு அதிகம் பால் தராது. உழவுக்கும் மலைப்பாதை வண்டிக்கும் பேர்போனது. இப்போது வருமானம் தருவதில் பட்டி எருவுக்குப் பெரிய பங்கு உண்டு. கீழே உள்ள தோட்டங்களுக்கு லாரியில் போகிறது. மேய்ச்சல்தான் சிக்கல். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்க்கத் தடை விதித்து, அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களின் காடுகளைச் சேர்த்துத் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மலையில் யாரிடம் பேசினாலும் பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் காட்டில் நடந்தே உருவான இனத்தைக் கொட்டகையில் கட்டித் தீவனம் போட்டுக் காப்பாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. பட்டிக்காரர்களை உட்காரவைத்துப் பேசித்தான் மேய்ச்சல் எல்லையை முடிவு செய்ய வேண்டும்.

மலை ஏற முடியாதவர்கள் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போகலாம். குதிரைகளோடு பர்கூர் மாடுகளும் அந்தச் சந்தைக்கு வரும். பட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் பர்கூரில் முன்கூட்டியே ஒருவரிடம் சொல்லி வைத்து, அவர் கூட்டிப்போனால் மட்டும் போங்கள். மூன்று மணிக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். கன்று போட்ட பசு இருந்தால் வேலிக்குப் பக்கத்தில்கூடப் போகாதீர்கள்.