இரண்டு நாள் மாத்திரை விடுபட்ட பிறகு

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த நேரம். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமான அலைச்சலில் இரண்டு இரவு கருத்தடை மாத்திரை விடுபட்டுவிட்டது. மூன்றாம் நாள் இரவு அட்டையைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. உடனே மருத்துவரை அழைத்தேன்.

அவர் முதலில் கேட்டது, "அட்டையில் எந்த வாரத்தில் இருக்கீங்க?" என்றுதான். நான் போடுவது இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரை; 21 நாள் போட்டு 7 நாள் இடைவெளி விடுவது. அப்போது மூன்றாவது வாரம்.

விட்டதில் கடைசி மாத்திரையை மட்டும் உடனே போட்டு, அதற்கு முந்தையதைத் தூக்கிப்போடச் சொன்னார். அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட வேண்டும், ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. அடுத்த 7 நாள் ஆணுறை கட்டாயம். ஒரே ஒரு மாத்திரை விட்டிருந்தால் நினைவு வந்ததும் அதைப் போட்டாலே போதுமாம், ஆணுறை தேவைப்படாது.

வாரத்தை ஏன் கேட்டார் என்பது அப்புறம்தான் புரிந்தது. கருமுட்டை வெளிவராமல் அடக்க, தொடர்ந்து 7 மாத்திரையாவது உள்ளே போக வேண்டும். மாத்திரை இல்லாத அந்த 7 நாள் இடைவெளி நீண்டால்தான் ஆபத்து. மூன்றாம் வாரத்தில் விட்டால் இடைவெளியே விடாமல் அடுத்த அட்டையைத் தொடங்கிவிடலாம். முதல் வாரத்தில் இரண்டு விட்டு, அதற்கு முந்தைய 5 நாளுக்குள் உறவும் நடந்திருந்தால் அவசரக் கருத்தடை பற்றிக் கேட்டே ஆக வேண்டும். லெவோனோர்ஜெஸ்ட்ரல் மாத்திரை என்றால் உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள். முந்தினால் அவ்வளவு நல்லது. இதை எல்லாப் பெண்களுக்கும் முதல் அட்டையைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

பாலூட்டும் தாய்மார்கள் பலர் போடும் ஒற்றை ஹார்மோன் மாத்திரைக்குக் கணக்கே வேறு. பழைய வகைகளில் 3 மணி நேரம் தாமதித்தாலே விட்டதாக அர்த்தம். டெசோஜெஸ்ட்ரல் வகைக்கு 12 மணி நேரம். அதனால் உங்கள் அட்டையில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் புது அட்டையை இடைவெளி இல்லாமல் தொடங்கினேன். நடுவில் லேசான ரத்தக்கசிவு வந்தது. அப்படி வரலாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. அந்த அட்டை முடிந்ததும் மாதவிடாய் வழக்கம்போல் வந்தது.