குரங்கின் நகம்

தண்ணீர்மலை முருகனை வணங்கிவிட்டுப் பினாங்குத் தாவரவியல் பூங்காவில் நடந்தபோது, நீள்வால் குரங்கொன்று நம்முடையதைப் போன்ற தட்டை நகங்களால் விதைத் தோலை உரிப்பதைப் பார்த்த என் மகள், "அப்பா, இதற்கும் நமக்கும் உறவுண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றேன். பிள்ளைகளுக்கு இந்தப் பரிணாம உறவைச் சொல்லிக்கொடுத்தால் ஒழுக்கம் கெடும் என்று உடன் வந்த என் அண்ணன் வருந்தினார். அந்தக் கவலையை மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை.

புதிய இனம் ஒவ்வொன்றும் தன்னை ஒத்த முந்தைய இனத்தை ஒட்டியே தோன்றுகிறது என்று இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1855இல், இன்று மலேசியாவின் பகுதியாக உள்ள சரவாக்கில் இருந்தபடியே எழுதினார். பரிணாமத்தை விளக்கிய டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல்தான். இந்த மண்ணோடு தொடர்புடைய அறிவை உயிரியல் வகுப்பில் தயங்காமல் கற்பிக்க வேண்டும். வாய்மையும் இரக்கமும் நன்னெறிக் கல்வி வகுப்பிலும், அதைவிட வீட்டிலும் வளர்பவை. குரங்கின் உறவு அவற்றைப் பறிப்பதில்லை. அன்றிரவும் மகள் திருநீறு பூசிக்கொண்டுதான் படிக்க அமர்ந்தாள்.