ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை

எங்கள் ஊர் வேடசந்தூருக்குப் பக்கம். சுற்றிலும் முருங்கைத் தோட்டம், நடுநடுவே நூல் மில்கள். என் வீட்டுக்காரர் மில்லில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவர். அதனால் திண்ணையில் வகுப்பு எடுக்க வழியில்லை. அம்மன் கோயிலுக்கு முன்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் எனக்குக் கிடைத்த இடம். மாலை 5 மணியிலிருந்து ஆறரை வரை, ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை 20 பிள்ளைகள். கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தனவே, அப்போது விட்டுப்போனதைப் பிடிக்க 2021 அக்டோபரில் அரசு ஆரம்பித்த இல்லம் தேடிக் கல்விதான் இது. நான் தன்னார்வலராகச் சேர்ந்தது 2022 சனவரியில். அப்போது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை.

முதல் இரண்டு மாதம் என் வகுப்பு ஊருக்கே கேட்கும். நான் ஒரு வரி சொல்வேன், 20 பேரும் தகரம் அதிரத் திருப்பிச் சொல்வார்கள். பூசாரித் தாத்தா, "நல்லாச் சொல்லிக் குடுக்குற தாயி" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சத்தம் போட்டால் படிப்பு நடக்கிறது என்று நினைக்கிற ஊர்தானே நாம்.

ஒரு நாள் விளையாட்டாக ஒன்று செய்தேன். அந்த வாரம் முழுக்கப் படித்த வரி, 'பாட்டி சந்தைக்குப் போனாள்'. அதை அழித்துவிட்டுப் பலகையில் 'பாட்டி சந்தையில் பூனை வாங்கினாள்' என்று எழுதி, ஒரு மூன்றாம் வகுப்புப் பையனைப் படிக்கச் சொன்னேன். அவன் பெயரை இங்கே எழுத மனமில்லை. நிதானமாகப் பேசுவான், பெரிய மனுஷன் மாதிரி பின்னால் கை கட்டிக்கொண்டு நடப்பான். அதனால் பிள்ளைகள் அவனைத் 'தாத்தா' என்றே கூப்பிடுவார்கள். அவன் பலகைக்குப் போய், ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, கணீரென்று படித்தான்: "பாட்டி... சந்தைக்குப்... போனாள்." வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நினைத்து அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மாதமாக என் கண் முன்னால் உட்கார்ந்து வாயசைத்திருக்கிறான். கோரஸில் அவன் குரலும் இருந்ததால் அவனுக்குப் படிக்க வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். பிரதம் என்கிற தொண்டு அமைப்பு பிள்ளைகளின் படிப்பை அளக்க நடத்தும் அசர் கணக்கெடுப்பில் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று படிப்படியாகப் படிக்கச் சொல்வார்கள். நானும் அதையே செய்தேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் இருந்தவர்களில் ஏழு பேருக்குச் சொல்லே கூடவில்லை. நாலாம் வகுப்பில் ஒருத்தி எழுத்திலேயே நின்றாள். ஒன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று கதையைக் கடகடவென்று படித்துவிட்டு, "அடுத்தது குடுங்கக்கா" என்றது.

சரி, வகுப்புப்படி உட்காரவைப்பதில் அர்த்தமில்லை. யாருக்கு எது வருகிறதோ அதன்படி ஐந்தைந்து பேராக நாலு குழு பிரித்தேன். முருங்கை, வெண்டை, பூசணி, சுரை என்று பெயரும் வைத்தேன். இரண்டே நாளில் சுரைக் குழுப் பெண் ஒருத்தி வந்து, "சுரைக்கான்னா படிக்கத் தெரியாதவங்கதானக்கா?" என்று கேட்டாள். பிறகு பள்ளிக்கூடத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து, பிள்ளைகளை அவரவர் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். அதையும் பிள்ளைகள் இதே வேகத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். என்ன பெயர் வைத்தாலும் இதை மறைக்க முடியாது. வெள்ளிக்கிழமை மட்டும் நாலு குழுவையும் கலைத்துப்போட்டு, பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படிக்கட்டும் என்று விட்டேன்.

ஒரு குழு என்னோடு 15 நிமிஷம் பாயில் வட்டமாக உட்காரும். மற்றவர்கள் கணக்கு, படம், எழுத்து வேலை என்று இருப்பார்கள். சண்டையும் நடக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஐந்து பேர், 15 நிமிஷம் என்றால் ஆளுக்கு மூன்று நிமிஷம். கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்று நிமிஷமும் அந்தப் பிள்ளையின் குரல் மட்டும்தான் என் காதில் விழும்.

அப்போதுதான் யார் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று புரிந்தது. தாத்தாவுக்குத் தடை கொம்பு. 'தேள்' என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் தெரிவது இரட்டைக் கொம்பு, ஆனால் வாய் 'த' என்ற எழுத்தில் தொடங்க வேண்டும். இவன் இடமிருந்து வலமாக நேர்மையாகப் போகிறவன். கொம்பைப் பார்த்ததும் அதற்கு என்ன சத்தம் என்று தேடி அங்கேயே நின்றுவிடுவான். 'கொ' இன்னும் மோசம், இரண்டு பக்கமும் வேலி. முதலில் எழுத்தின் மேல் விரலை வை, அப்புறம் அதன் முன்னும் பின்னும் என்ன இருக்கிறதென்று பார் என்று சொல்லிக்கொடுத்தேன். பிடிபட மூன்று வாரம் ஆனது.

பூசணிக் குழுவில் ஒருத்தி 'வௌவால்' என்பதை "வெ-ள-வா-ல்" என்று படித்துவிட்டு, "வெளவால்னா என்னக்கா?" என்றாள். அவள்மேல் என்ன தப்பு? கண்ணுக்குத் தெரிந்ததைப் படித்தாள். கைபேசியில் தட்டும் பெரியவர்களே அங்கே ளகரத்தைத்தானே போடுகிறார்கள்.

இன்னொருவன் 'பகல்' என்பதைப் 'ப-க்க-ல்' என்கிற மாதிரி அழுத்தி அழுத்திக் கூட்டுவான். எழுத்தெல்லாம் சரி, சொல் மட்டும் அவனுக்குத் தெரியாது. "இருட்டாத நேரத்த என்ன சொல்லுவ?" என்று கேட்டால், "பஹல்... அட, இதானா!" என்பான். ஒரே ககரம் இடத்துக்கு இடம் வேறு சத்தம் கொடுக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

அதேபோல் 'குரங்கு அமர்ந்திருந்தது' என்று புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து, "குரங்கு உக்காந்திருந்துச்சு" என்று படிக்கிற பிள்ளைகள் உண்டு. இதைத் திருத்த வேண்டும் என்று பக்கத்து ஊர் தன்னார்வலர் சொல்வார். நான் திருத்த மாட்டேன். அமர்வது என்றால் உட்காருவது என்று தெரிந்த பிள்ளைக்குத்தானே அப்படி வரும்?

இத்தனைக்கும் பெரிய பிரச்சினை வேறு. ஒருவன் திணறினால் பக்கத்தில் இருக்கிறவளுக்கு வாய் சும்மா இருக்காது, சொல்லிவிடுவாள். அவனும் உடனே வாங்கிச் சொல்லிவிடுவான். அப்படியே போனால் ஐந்து பேர் குழுவும் குட்டிக் கோரஸ்தான். அதற்காகக் கொண்டுவந்ததுதான் புளியங்கொட்டை. ஆளுக்கு ஐந்து. விரல் யாருடையதோ சொல் அவருடையது, குறுக்கே சொன்னவர் அவருக்கு ஒரு கொட்டை கொடுக்க வேண்டும்.

"அப்ப நீங்களும் வைங்கக்கா" என்றாள் சுரைக் குழுக்காரி. வைத்தேன்.

முதல் நாளே ஐந்தும் காலி. அவ்வளவு அவசரக்காரியா நான் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. பிள்ளை 'சந்' என்று நின்றால், 'தை' என் நாக்கு நுனிக்கு வந்துவிடும். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணப் பழகினேன். பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று, கொசு கடிக்கும் தகரக் கொட்டகையில் ஒரு பிள்ளையின் விரலைப் பார்த்துக்கொண்டு எண்ணினால்தான் தெரியும். ஆறு, ஏழு எண்ணும்போது பெரும்பாலும் சொல் வந்துவிடும். வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் காட்டுவேன். அதற்கும் ஒரு கொட்டை போய்விடும்.

அரசின் வாசிப்பு இயக்கத்திலிருந்து மெல்லிசான கதைப் புத்தகங்கள் வந்தபோது அவற்றில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி இருந்தது. தாத்தா நுழையில் நெடுநாள் இருந்தான். நடைக்கு வந்ததும் புத்தகத்தைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

ஆறு மணிக்கு மில் வேன் கோயில் முன்னால் நிற்கும். ஒரு நாள் அவன் அம்மா இறங்கி, தலைமுடியில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், டிபன் பையோடு கொட்டகை ஓரம் வந்து நின்றார். அவன் முறை. 'தேனீக்கள்' என்ற சொல்லில் விரல் நின்றது. நான் மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவால் பொறுக்க முடியவில்லை, குனிந்து பார்த்து, "தேனீ..." என்று ஆரம்பித்துவிட்டார்.

அவன் நிமிரவே இல்லை. விரலை எடுக்காமல் இடது கையை மட்டும் பின்னால் நீட்டினான்.

"ஒரு கொட்டை குடும்மா."

"எந்தக் கொட்டைடா?" என்று அவர் என்னைப் பார்த்தார். என்னிடம் அன்றைக்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை அவருக்குக் கடன் கொடுத்தேன்.